பாலமும் நிழற்படமும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் பிறை. மலாய் மொழியில் ‘பெராய்’ என்றும், ஆங்கிலேயர் ஆட்சிக்கால ஏடுகளில் ‘பிராய்’ என்றும் வழங்கிய பெயர், தமிழர் நாவில் ‘பிறை’ ஆயிற்று. வானத்துப் பிறைக்கும் இவ்வூருக்கும் பொருளால் தொடர்பு ஏதுமில்லை. ஒலியால் நேர்ந்த ஒற்றுமையே இது. ஆயினும் அவ்வொற்றுமை பொருத்தமான ஒன்றே. நிலவின் ஒரு கீற்று மட்டும் ஒளிர, எஞ்சிய பகுதி இருளில் மறைந்து நிற்பது பிறையின் இயல்பு. இவ்வூரின் வரலாறும் அத்தகையதே. துறைமுகம், இருப்புப்பாதை, பாலம் ஆகியன ஏடுகளில் ஒளியுடன் விளங்குகின்றன. அவற்றில் உழைத்தவர்களும் அவற்றைக் கடந்து சென்றவர்களும் இருளில் நிற்கின்றனர்.

இந்த ஒளியையும் இருளையும் ஒருங்கே காட்டவல்ல சான்று ஒன்று உண்டு. மாலைப் பொழுதில் எடுக்கப்பெற்ற பாலத்தின் கருப்பு வெள்ளை நிழற்படமே அது. அதனை வெறும் அழகுப் பொருளாகக் கருதாமல் வரலாற்று ஆவணமாகக் கொண்டு, அஃது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என ஆராய்வது தமிழாசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் பயன் தருவதாகும்.

துறையும் இருப்புப்பாதையும்

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றினார். தீவுக்கு எதிர்க்கரையில் இருந்த நிலப்பகுதி 1800ஆம் ஆண்டில் கெடாவிடமிருந்து பெறப்பட்டு, ‘வெல்லெஸ்லி மாநிலம்’ எனப் பெயரிடப்பட்டது. பிறை அப்பகுதியில் அடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குக் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு இருந்த இடத்தை இரப்பர் பற்றிக்கொண்டது. பயிர் மாறியது, பாடுபட்ட கைகள் மாறவில்லை.

இருப்புப்பாதை வந்தபோது பிறை புதியதொரு சிறப்பினைப் பெற்றது. 1909ஆம் ஆண்டில் பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை தொடர்வண்டி செல்ல வழி ஏற்பட்டது. தீவில், ஜார்ஜ் டவுன் கடற்கரையை அடுத்து, மணிக்கூண்டுடன் கூடிய இரயில்வே கட்டடம் ஒன்று எழுந்தது. அங்கே பயணச் சீட்டு விற்றனர். ஆனால் தண்டவாளமோ வண்டியோ அங்கில்லை. சீட்டு வாங்கியோர் படகேறிக் கடலைக் கடந்து, பிறையில் இறங்கி வண்டி ஏறினர். கட்டடத்தின் பெருமை தீவுக்கு, வண்டியின் புகை பிறைக்கு என்று அன்றே பங்கீடு அமைந்துவிட்டது எனலாம்.

தண்டவாளம் அமைத்த கூலிகளிலும் அதனைப் பழுதுபார்த்த தொழிலாளரிலும் பெரும்பாலோர் தென்னிந்தியத் தமிழர். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் பணியாற்றியோருள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். 1967ஆம் ஆண்டில் பிறை ஆற்றின்மேல் இருப்புப்பாதைச் சுழற்பாலம் அமைந்தது. படகுகள் செல்லும்போது நடுப்பகுதி சுழன்று வழிவிடும் அமைப்புடையது அப்பாலம். அது திறக்கப்பட்டதும் வண்டிகள் ஆற்றைக் கடந்து பட்டர்வொர்த் வரை சென்றன. வடக்கு முனையம் என்னும் சிறப்பினைப் பிறை இழந்தது. பின்னர் மின்தொடர்வண்டிக்கான இரட்டைப் பாதை அமைக்கப்பட்டபோது அச்சுழற்பாலத்தின் பணியும் முடிவுற்றது.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பினாங்குப் பாலத்தின் கட்டுமானம் 1982ஆம் ஆண்டில் தொடங்கியது. தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் அதனைக் கட்டியது. 1985 செப்டம்பர் 14ஆம் நாள் பிரதமர் மகாதீர் முகம்மது பாலத்தைத் திறந்துவைத்தார். அதன் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் கடல்மேல் அமைந்தது 8.4 கிலோமீட்டர். கப்பல்கள் செல்வதற்கென நடுவில் 225 மீட்டர் அகலமுள்ள இடைவெளி விடப்பட்டு, அப்பகுதி கோபுரங்களிலிருந்து சாய்வாக இறங்கும் வடங்களால் தாங்கப்படுகிறது. பெருநிலத்தில் அது கால் ஊன்றிய இடம் பிறை, தீவில் குளுகோர். 2014 மார்ச்சு முதல் நாள் பத்து கவானிலிருந்து பத்து மாவோங் செல்லும் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் இறுதியில், வண்டிகளை ஏற்றிச் சென்ற பழைய பெரும்படகுகளின் சேவை நின்றது. அப்படகுகளின் நினைவு நிழற்படங்களுக்கு உரியதாயிற்று.

மூன்று சொற்கள்

நிழற்படக் கலைக்குத் தமிழ் வழங்கிய பெயர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கவை. கிரேக்க மொழியின் ‘ஒளி’, ‘எழுத்து’ என்னும் சொற்களை இணைத்து அக்கலைக்கு ஆங்கிலப் பெயரை 1839ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஜான் ஹெர்ஷல் என்னும் அறிவியலார். மேலைநாட்டார் ஒளியைக் கண்டு பெயரிட்டனர். தமிழரோ ‘புகைப்படம்’ என்றனர், ‘நிழற்படம்’ என்றனர், பிற்காலத்தில் ‘ஒளிப்படம்’ என்றும் கூறலாயினர். மூன்று பெயரும் மூன்று பார்வையைத் தருவன. ஒளி விழுந்த இடத்தில் கறுத்தும், ஒளி விழாத இடத்தில் தெளிந்தும் தோன்றும் மூலத்தகட்டினை நோக்கினால், நிழலுக்கு முதன்மை தந்த பெயர் பொருந்தாத ஒன்றன்று என்பது விளங்கும். மாலைப் பொழுதில் எடுக்கும் பாலத்தின் படத்திற்கோ இப்பெயரே மிகப் பொருந்தும். அங்கே பாலம் நிழலாகவே நிற்கிறது.

வெள்ளி உப்பும் செவ்வொளியும்

மாலை ஒளியில் படமெடுத்தல் இக்காலத்தில் எளிய செயல். ஆனால் நிழற்படக் கலையின் தொடக்கக் காலத்தில் அஃது ஏறத்தாழ இயலாத ஒன்றாக இருந்தது. அதன் காரணம் வேதியியலைச் சார்ந்தது.

1851ஆம் ஆண்டில் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டின்மேல் பசைபோன்ற கொலோடியனைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, ஈரம் உலருமுன்பே கழுவியும் முடிக்க வேண்டும். இருட்டறையாகப் பயன்படும் கூடாரமும், மருந்துப் புட்டிகளும், கண்ணாடித் தகடுகளும் படமெடுப்போனுடன் எங்கும் செல்ல வேண்டியிருந்தன. இவற்றினும் பெரிய தடை ஒன்று இருந்தது. அக்கால வெள்ளி உப்புப் பூச்சு நீல ஒளியை விரைந்து உணரும். மஞ்சளையும் சிவப்பையும் உணராது. கதிரவன் சாயும் வேளையில் ஒளி மஞ்சளாகிச் சிவக்கிறது. கண்ணுக்கு இனிதாகத் தெரியும் அவ்வொளி அன்றைய தகட்டுக்கு இருளே ஆகும். 1873ஆம் ஆண்டில் ஹெர்மன் ஃபோகல் என்னும் செருமானியர், சாயப் பொருளைச் சேர்த்தால் பூச்சு பிற நிறங்களையும் உணரும் எனக் கண்டறிந்தார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தன. மாலைச் செவ்வானத்தைக் கருப்பு வெள்ளையில் பிடிக்க இயன்றது அதன் பின்னரே.

பினாங்கின் பழைய படங்களைக் காணும் மாணாக்கர் இவ்வுண்மையை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். அவற்றில் வானம் பெரும்பாலும் வெண்மையாக, மேகமின்றி இருக்கும். அன்று மேகமே இல்லை என்பது அதன் பொருளன்று. நீலவானம் தகட்டில் மிகுதியாகப் பதிந்து வெளுத்துவிட்டது என்பதே உண்மை.

பெயரில்லா இருவர்

பினாங்கில் இக்கலையைப் பயின்ற தொடக்கக் காலத்தவருள் புகழ்பெற்றவர் ஜான் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர். அவர் 1862ஆம் ஆண்டில் மலாக்கா நீரிணைப் பகுதிக்கு வந்து, பினாங்கிலும் வெல்லெஸ்லி மாநிலத்திலும் ஏறத்தாழப் பத்து மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். பின்னர்க் கம்போடியாவின் அங்கோர் கோயில்களையும் சீன நாட்டையும் படம்பிடித்துப் பெரும் பெயர் பெற்றார். 1875ஆம் ஆண்டில் வெளிவந்த பயண நூலில், பினாங்கில் தமக்கு உதவிய இருவரைப் பற்றி அவர் குறிப்பிட்டுள்ளார். மனிதக் கை படாமல் உருவம் தானே தோன்றுவதைப் பேய்வேலை என்று எண்ணி அக்காலத்தில் அங்கிருந்த சீனர் அப்பணியை ஏற்க மறுத்தனர். ஆகவே சென்னைப் பகுதியைச் சேர்ந்த இருவரைப் பயிற்றி, படங்களை அச்சிடவும் துணைநிற்கவும் அமர்த்திக்கொண்டதாக அவர் எழுதுகிறார்.

சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோரை அக்கால ஆங்கிலேயர் வழங்கிய பெயராலேயே அவர் அவ்விருவரையும் சுட்டுகிறார். ஆதலின் அவர்கள் தமிழராக இருத்தற்கே மிகுதியும் வாய்ப்பு உண்டு. மலாயா மண்ணில் வெள்ளி உப்பையும் கதிரொளியையும் கையாளக் கற்ற தொடக்கக் காலத்தவருள் நம் இனத்தார் இருந்தனர் என்பது பெருமைக்குரிய செய்தி. எனினும் வரலாறு அவர்களுக்குத் தந்த இடம் ஒரு வாக்கியமே. எடுத்தவர் பெயர் உலகெங்கும் அருங்காட்சியகங்களில் பொறிக்கப்பட்டுள்ளது. கழுவி அச்சிட்டோர் ‘சென்னை மனிதர்’ என்ற அளவில் நின்றுவிட்டனர்.

இரு கரையும் இரு படமும்

பினாங்குப் பாலத்தை மாலையில் படமெடுக்கும் முறைக்கு இனி வருவோம். பாலம் ஏறத்தாழக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்குக் கரை பிறை. மேற்கே தீவும், அதன் முதுகெலும்பாக ஏறத்தாழ 830 மீட்டர் உயரத்திற்கு எழும் மலைத்தொடரும் உள்ளன. கதிரவன் அம்மலைக்குப் பின்னே மறைகிறான். எனவே பிறைக் கரையில் நிற்பவனுக்குப் பாலம் ஒளிக்கு எதிரே நிற்கும். தீவின் கரையில் நிற்பவனுக்கு, மலையின் நிழல் கவியும் வரையில், பாலத்தின்மேல் ஒளி படிந்து நிற்கும். பாலம் ஒன்று, பொழுதும் ஒன்று. தீவிலிருந்து நோக்கினால் தூண்களும் வடங்களும் வெளிறித் துலங்குகின்றன, பிறையிலிருந்து நோக்கினால் அவை கரிய கோடுகளாகத் தோன்றுகின்றன.

பிறையில் கதிரவன் மறைவது, ஆண்டின் பருவத்திற்கேற்ப, ஏறத்தாழ மாலை 7 மணிக்கும் 7.40க்கும் இடையிலாகும். ஆண்டின் இறுதி மாதங்களில் அவன் தென்மேற்குப் பக்கமாகச் சாய்கிறான். பிறை ஆற்றுமுகத்தை ஒட்டிய கரையில், பாலத்திற்கு வடக்கே நிற்பவனுக்கு அக்காலமே ஏற்றது. நிலநடுக்கோட்டை அடுத்த நிலமாதலின் அந்திப் பொழுது நீள்வதில்லை; கதிரவன் மறைந்த ஏறத்தாழ இருபது மணித்துளிகளில் இருள் கவிந்துவிடும். மேலைநாட்டு நூல்களில் கூறப்படும் நீண்ட அந்தியை இங்கு எதிர்பார்த்தல் கூடாது.

அவ்வேளையில் வானத்தின் ஒளிக்கும் பாலத்தின் அடிப்பகுதி இருளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, நிழற்படச் சுருள் தாங்கும் அளவை மீறியதாகும். வானத்தை அளவிட்டுப் படமெடுத்தால் மேகமும் நீரின் பளபளப்பும் பதியும். பாலம் முழுக் கருமையாகும். பாலத்தின் இருளை அளவிட்டால் தூண்களின் சிமெண்டுப் பரப்பு தெரியும். வானம் வெறும் வெண்மையாகிவிடும். இரண்டையும் முழுமையாகப் பெறுதல் இயலாது. படமெடுப்போன் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை விடுகிறான். பெரும்பாலோர் வானத்தையே தேர்கின்றனர், அதுவே அழகு.

அவ்வாறு எடுத்த படத்தில் எவை மறைகின்றன? பிறைக் கரையின் அலையாத்தி மரங்களும், சேற்றில் சாய்ந்து கிடக்கும் மீன்பிடிப் படகுகளும், தொழிற்பேட்டையிலிருந்து வேலை முடிந்து பாலத்தில் ஏறும் மோட்டார் சைக்கிள்களின் வரிசையும் ஒரே கருமையில் கரைந்துவிடுகின்றன. படத்தின் இடப்பக்கத்தில், தெற்கே, ஒரு கரிய மேடு மட்டும் தெரியும். அதுவே ஜெரெஜாக் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கப்பலில் வந்திறங்கிய தொழிலாளர்கள் நோய்த்தடுப்புக்காக அடைத்து வைக்கப்பட்ட இடம் அது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியோர் பலர் மலாயா மண்ணில் முதன்முதல் கால்வைத்தது அத்தீவிலேயே. அறியாதவர்க்கு அது படத்தின் ஓரத்தை நிரப்பும் ஒரு நிழல். அறிந்தவர்க்கு முன்னோர் நின்ற வாயில்.

ஓடுவோர் பதிவதில்லை

மறைப்பது இருள் மட்டுமன்று, நேரமும் மறைக்கிறது. 1838ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பெருவீதி ஒன்றை லூயி டாகேர் படமெடுத்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்திருந்த அவ்வீதி, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. தகடு ஒளியை உள்வாங்கப் பல மணித்துளிகள் ஆனமையால், நகர்ந்தவர் எவரும் பதியவில்லை. தெருவோரத்தில் நின்று காலணிக்கு மெருகேற்றிக்கொண்ட ஒருவரும், அதைத் துடைத்தவரும் மட்டுமே தெரிகின்றனர். நிழற்படத்தில் இடம்பெற்ற முதல் மனிதருள் ஒருவர் ஒரு தொழிலாளி; ஆயினும் அவர் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை.

மாலைப் பொழுதில் முக்காலியின்மேல் கருவியை நிறுத்தி, ஒளிவாயிலை நெடுநேரம் திறந்துவைத்துப் பாலத்தைப் படமெடுக்கும்போது இதுவே நிகழ்கிறது. அசையாத தூண்கள் கூர்மையாகப் பதிகின்றன. ஓடும் வண்டிகள் ஒளிக்கோடுகளாகின்றன. நடமாடும் மனிதர் முற்றிலும் மறைகின்றனர்.

மாறான சான்றும் உண்டு. நியூயார்க் நகராட்சியின் பாலத் துறையில் பணியாற்றிய யூஜின் டி சாலிக்னாக் என்பார், 1914 அக்டோபர் 7ஆம் நாள் புரூக்ளின் பாலத்தின் வடங்களின்மேல் வண்ணம் பூசுவோரைப் படமெடுத்தார். இசைக்குறிகளைப்போல் அவர்கள் கம்பிகளிடையே அமர்ந்திருக்கின்றனர். பாலம் அங்கே பின்னணியாகிறது, தொழிலாளரே படமாகின்றனர். எதனை நோக்கிக் கருவியைத் திருப்புவது என்பது கலைச்சிக்கல் மட்டுமன்று, அறத்தைச் சார்ந்த தேர்வும் ஆகும் என்பதை அப்படம் உணர்த்துகிறது.

குவாய் ஆற்றுப் பாலம்

பிறையிலிருந்து வடக்கே பாடாங் பெசார் வழியாகச் செல்லும் இருப்புப்பாதை தாய்லாந்தை அடைகிறது. சப்பானியர் ஆட்சிக்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் இரயிலில் ஏற்றப்பட்டு, வடக்கே சயாம்–பர்மா இருப்புப்பாதையை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943ஆம் ஆண்டில் முடிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியே காஞ்சனபுரியில் உள்ள புகழ்பெற்ற இரும்புப் பாலம்.

1957ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்று அப்பாலத்தை உலகறியச் செய்தது. இலங்கையின் கித்துல்கலையில் அதற்கெனக் கட்டப்பட்ட மரப்பாலத்தில் அப்படம் எடுக்கப்பட்டது. உண்மைப் பாலம் நின்றது மே குளோங் ஆற்றின்மேல். திரைப்படத்தைக் கண்டு ‘குவாய் ஆறு எங்கே?’ எனத் தேடி வந்த பயணிகளுக்காக, 1960களில் அவ்வாற்றுப் பகுதியின் பெயரே மாற்றப்பட்டது. ஒரு படம் நிலத்தின் பெயரை மாற்றும் ஆற்றல் உடையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அத்தகு ஆற்றல் வாய்ந்த படத்தில் இடம்பெற்றவர் ஆங்கிலேயப் போர்க்கைதிகள். எண்ணிக்கையில் அவர்களினும் பன்மடங்கான ஆசியத் தொழிலாளர், அவருள் தமிழர், அதில் இடம்பெறவில்லை. காஞ்சனபுரிப் போர்க்கைதிகள் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் உறங்குகின்றனர். அங்கே கற்களில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. காட்டில் மாண்ட தமிழரில் மிகப் பெரும்பாலோர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

இன்று மாலை வேளையில் அப்பாலத்தின் கரிய வடிவத்தைப் படமெடுத்துச் செல்லும் பயணிகள் பலர். அப்படங்களில் இல்லாதவர்களை மீட்க முயன்றது எழுத்தே. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் அப்பணியை ஆற்றின. கருவி கைவிட்ட இடத்தைப் பேனா நிரப்பிற்று.

ஆசிரியர் ஆற்றும் பணி

1948ஆம் ஆண்டில் நெருக்கடிகால ஆட்சி மலாயாவில் அடையாள அட்டையைக் கட்டாயமாக்கியது. தோட்டத்துப் பாட்டாளிகள் பலர்க்கு அவ்வட்டையில் ஒட்டிய படமே வாழ்நாளின் முதற்படமாக இருந்திருத்தல் கூடும். அவ்வொரு படத்தில் மட்டும் பெயரும் முகமும் இணைந்திருந்தன. அவ்விணைப்பும் கண்காணிப்புக்காகச் செய்யப்பட்டது. அதன் பின்னர்த் திருமணத்திற்கும், கோயில் திருவிழாவிற்கும், படகுத்துறையில் வழியனுப்புதற்கும் எடுத்த படங்கள் வீடுகளில் சேர்ந்தன. இரயில்வே குடியிருப்புகள் கலைந்தபோதும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் அவை தகரப் பெட்டிகளில் இடம்பெயர்ந்தன.

அப்படங்கள் இரு வகையில் அழிகின்றன. ஒன்று பொருளழிவு. நம் நாட்டின் ஈரக்காற்றில் பூஞ்சை படர்கிறது. செம்மையாக நீரில் அலசப்படாத படத்தில் எஞ்சிய மருந்து வெள்ளியை அரித்து மஞ்சளாக்குகிறது. மற்றொன்று பொருளுணர்வின் அழிவு. ‘இவர் யார்?’ என்னும் வினாவுக்கு விடை சொல்லக்கூடிய கடைசி முதியவர் மறையும் நாளில், படம் முழுமையாக இருந்தும் வரலாறு அழிந்துவிடுகிறது. முதலாவதைத் தடுக்க அறிவியல் வேண்டும். இரண்டாவதைத் தடுக்கப் பள்ளி மாணாக்கர் ஒருவரும் ஒரு பென்சிலும் போதும்.

செய்யத்தக்க முறை எளிது. படத்தின் பின்புறத்தில், ஓரமாக, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுதல் வேண்டும். பேனா மை ஊடுருவி முன்பக்கத்தைக் கெடுக்கும். படத்தில் உள்ளோர் பெயர், இடம், ஆண்டு, செய்த தொழில், இச்செய்தியைக் கூறியவர் பெயர் ஆகிய ஐந்தும் இருந்தால் ஒரு படம் ஆவணமாகிவிடும். உறுதியாகத் தெரியாத ஆண்டினை ஊகித்து எழுதாமல், ‘சுழற்பாலம் வருமுன்’, ‘பெரிய பாலம் திறந்த பின்’ என முதியோர் சொல்லும் குறிப்பினை அவ்வாறே எழுதுதல் நன்று. 1967, 1985 என்னும் எல்லைகளை அவை தாமே காட்டும். வகுப்பில் ஒவ்வொரு மாணாக்கரும் தம் வீட்டுப் படம் ஒன்றுக்கு இவ்வாறு குறிப்பெழுதினால், கட்டுரைப் பயிற்சியும் வரலாற்றுப் பயிற்சியும் ஒருங்கே நிறைவேறும்.

பாலத்தை மாலை ஒளியில் படமெடுக்க விரும்பும் இளைஞரைத் தடுக்க வேண்டுவதில்லை. நிழலையும் ஒளியையும் பகுத்தறியும் கண் நல்ல கண்ணே. அவர் கதிரவன் மறையுமுன் மற்றொரு படமும் எடுத்தல் வேண்டும். ஒளி இருக்கும்போதே கருவியைக் கரையின் பக்கம் திருப்பி, அங்கு நிற்கும் மீனவரை, வேலை முடிந்து செல்லும் தொழிலாளரை, அவர் இசைவு பெற்றுப் பதிவு செய்து, பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். பாலத்தின் நீளமும் அகலமும் அரசாங்க ஏட்டில் உள்ளன, அவை அழியா. அம்மனிதரின் பெயரோ, எழுதினாலன்றி எங்கும் இராது.